வாய் ஏற்பதைத் தோல் எதிர்ப்பதேன்?

டெல் அவிவ் நகரில் ஒவ்வாமை மருத்துவர்கள் கூடிய கூட்டம் அது. லண்டனிலிருந்து பேச வந்திருந்தார் குழந்தைநல மருத்துவர் கிடியன் லாக். கடந்த ஓராண்டில் வேர்க்கடலை அலர்ஜி உள்ள ஒரு குழந்தையையாவது பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று அரங்கில் இருந்த சுமார் 200 பேரைக் கேட்டார். இரண்டு மூன்று கைகள்தான் எழுந்தன. லண்டனில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அநேகமாக எல்லோருமே கை தூக்கியிருப்பார்கள். லாக் திகைத்துப் போனார். அந்தத் திகைப்பை அவர் அப்படியே விட்டுவிடாததால்தான் ஒவ்வாமை மருத்துவத்தின் பாடப்புத்தகமே திருத்தி எழுதப்பட்டது.

அவித்த கடலையும் கடலைமிட்டாயும் தின்று வளர்ந்த நமக்கு, வேர்க்கடலை ஆளைக் கொல்லும் என்பது நம்பவே கடினமான செய்தி. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது பெற்றோரின் அன்றாடக் கவலை. கடலை ஒவ்வாத குழந்தை தெரியாமல் ஒரு துண்டை மென்றுவிட்டால் சில நிமிடங்களில் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பும், மூச்சு இரைக்கும், ரத்த அழுத்தம் சரியும். உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. 1997இல் அமெரிக்கக் குழந்தைகளில் 0.4 சதவீதம் பேருக்கு இந்த அலர்ஜி இருப்பதாக நியூயார்க் மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் நடத்திய தொலைபேசிக் கணக்கெடுப்பு சொன்னது. 2008இல் அதே முறையில் கேட்டபோது அது 1.4 சதவீதமாகியிருந்தது. பதினோரு ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேல்.

இத்தனைக்கும் பெற்றோர் அஜாக்கிரதையாக இருந்துவிடவில்லை. 1998இல் பிரிட்டனிலும் 2000இல் அமெரிக்காவிலும் நிபுணர் குழுக்கள் அறிவுரை வழங்கியிருந்தன: குடும்பத்தில் ஆஸ்துமா, கரப்பான், அலர்ஜி என்று ஏதாவது இருந்தால் குழந்தைக்கு 3 வயது ஆகும்வரை கடலையைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும்கூடக் கடலையை ஒதுக்கிவைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால், இப்படித் தள்ளிவைத்தால் அலர்ஜி வராது என்பதற்கு உறுதியான சான்று அன்று யாரிடமும் இல்லை.

இஸ்ரேலில் நிலைமை வேறு. அங்கே 'பம்பா' என்று ஒரு தின்பண்டம் உண்டு. சோளத்தைப் பொரித்து வேர்க்கடலை விழுதில் புரட்டியது; வாயில் வைத்ததும் கரைந்துவிடும். பல் முளைக்காத குழந்தையின் கையிலும் தாய்மார்கள் அதைக் கொடுத்துவிடுகிறார்கள். லாக்கின் குழு இரு நாடுகளிலும் யூதக் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டது. வம்சாவளி ஏறக்குறைய ஒன்று, வாழும் இடம் வேறு. பிரிட்டனில் வளர்ந்த யூதப் பள்ளிக் குழந்தைகளில் 1.85 சதவீதம் பேருக்குக் கடலை அலர்ஜி, இஸ்ரேலில் 0.17 சதவீதம். பத்து மடங்குக்கும் மேற்பட்ட வித்தியாசம். 9 மாதக் குழந்தைகளில் கடலை சாப்பிட்டவர்கள் இஸ்ரேலில் 69 சதவீதம், பிரிட்டனில் 10 சதவீதம். இந்த ஆய்வு 2008இல் வெளியானது.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. அலர்ஜி என்பது முதல் சந்திப்பிலேயே வருவதில்லை. உடம்பு ஒரு பொருளை முன்னமே ஒருமுறை சந்தித்து, எதிரி என்று குறித்து வைத்திருந்தால்தான் அடுத்த முறை கொந்தளிக்கும். ஆனால் லண்டன் குழந்தைகளில் பலர் வாழ்க்கையில் முதன்முறை கடலையைக் கடித்தபோதே சுருண்டு விழுந்தார்கள். வாய்க்குள் போகாத கடலையை அவர்களின் உடம்பு எங்கே சந்தித்தது?

இப்படிக் குறித்து வைக்கும் பொருள் எது என்று கண்டறியவே அரை நூற்றாண்டு பிடித்தது. அதிலும் தோல்தான் ஆய்வுக்கூடம். 1921இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் ஹைன்ஸ் கியூஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவரது ரத்த நீரை அவருடைய சகா கார்ல் பிராவுஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும், மீனை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிராவுஸ்னிட்ஸின் தோல் சிவந்து தடித்தது. ஒருவரின் அலர்ஜி ரத்த நீரின் வழியே இன்னொருவருக்கு இடம் மாறியிருந்தது. ரத்தத்தில் இருந்த அந்தப் பொருள் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் என்று 1966இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே, தெருகோ இஷிசாகா காட்டினார்கள். இன்றும் அலர்ஜி மருத்துவர் கையில் துளி சாறு வைத்து மெல்லக் குத்திப் பார்க்கிறாரே, அந்தச் சோதனையில் எழும் தடிப்பு இந்தப் புரதத்தின் வேலைதான்.

கடலைக்கு எதிரான ஐஜிஇ குழந்தையின் உடம்பில் எங்கே உருவானது என்பதற்கு லாக்கின் குழு 2003இலேயே ஒரு துப்பு கொடுத்திருந்தது. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் பிறந்த சுமார் 14,000 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வின் தரவுகளை அவர்கள் அலசினார்கள். கர்ப்ப காலத்தில் தாய் கடலை சாப்பிட்டதற்கும் குழந்தையின் அலர்ஜிக்கும் தொடர்பே தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது வேறு இடத்தில். கை கால் மடிப்புகளில் கரப்பான் வந்த குழந்தைகள், அந்தப் புண்ணுக்குக் கடலை எண்ணெய் கலந்த கிரீம் தடவப்பட்ட குழந்தைகள் ஆகியோரிடம் கடலை அலர்ஜி கூடுதலாக இருந்தது. பிற்பாடு வீட்டுத் தூசியையும் சோதித்தார்கள். பெரியவர்கள் கடலை தின்னும் வீட்டில் சோபாவிலும் படுக்கையிலும் கடலைப் புரதம் படிந்திருக்கும். குழந்தை அதன்மேல்தான் தவழ்கிறது, உருள்கிறது. வெடித்த தோல் இருந்தால் அந்தத் தூசியே போதும்.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளலாம். இறந்து தட்டையான செல்கள்தான் செங்கல், அவற்றுக்கு நடுவே உள்ள கொழுப்புதான் சாந்து. ஃபிலாக்ரின் என்ற புரதம் செங்கல்லுக்கு உறுதி தருகிறது; பிறகு தானே சிதைந்து தோலின் ஈரப்பதத்தைக் காக்கும் பொருளாகவும் மாறுகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பழுது இருந்தால் தோல் வறண்டு செதில் செதிலாக உரியும், கரப்பானும் எளிதில் வரும் என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீனின் குழு கண்டுபிடித்தது. ஐரோப்பியரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இந்தப் பழுதைச் சுமக்கிறார். அதுவரை கரப்பானை உள்ளிருந்து வரும் நோயாக, ரத்தத்தின் கோளாறாகப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவ உலகம், கோளாறு தோலிலேயே தொடங்கக்கூடும் என்று அதன் பிறகுதான் ஏற்றது.

குடலுக்கும் தோலுக்கும் இயல்பிலேயே வேறுபாடு உண்டு. நாள்தோறும் அந்நியப் புரதங்களை வாங்கிக்கொள்வது குடலின் தொழில். அங்குள்ள எதிர்ப்பு அமைப்பு அவற்றைச் சகித்துக்கொள்ளப் பழகியது. தோல் வழியே உள்ளே வருவதெல்லாம் பெரும்பாலும் கிருமி, புழு, பூச்சியின் நஞ்சு. ஆகவே சொறிந்து புண்ணான தோல் அபாய ரசாயனங்களைச் சுரக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே வரும் எந்தப் புரதமும், அது கடலையாகவே இருந்தாலும், சந்தேகக் கேஸ்தான். இதைத்தான் லாக் இருவழிக் கொள்கையாக முன்வைத்தார்: வாய் வழியே முதலில் வந்தால் சகிப்பு, புண்பட்ட தோல் வழியே முதலில் வந்தால் பகை.

கொள்கைக்கு மனிதச் சான்று வேண்டுமானால் ஜப்பானைப் பார்க்க வேண்டும்.

அங்கே 2000களில் தேயிலைச் சாறு சேர்த்த ஒரு முக சோப்பு சக்கைப்போடு போட்டது. நாற்பது லட்சத்துக்கும் மேலானோர் வாங்கினார்கள். நுரை நன்றாக வருவதற்கும் தோல் மென்மையாக இருப்பதற்கும் கோதுமைப் புரதத்தை அமிலத்தில் வேகவைத்து உடைத்து அதில் சேர்த்திருந்தார்கள். காலையும் மாலையும் முகம் கழுவிய பெண்கள் சிலருக்கு முதலில் கண் அரித்தது, மூக்கில் நீர் வடிந்தது. பிறகுதான் விபரீதம். ரொட்டியோ உடோன் நூடுல்ஸோ சாப்பிட்டுவிட்டு நடக்கவோ வீட்டு வேலை செய்யவோ தொடங்கினால் இமைகள் பந்துபோல் வீங்கின. சிலர் மயங்கி விழுந்தார்கள். பிறந்ததிலிருந்து கோதுமை சாப்பிட்டு வந்தவர்கள் இவர்கள். மருத்துவர்களுக்குக் குழப்பம்: கோதுமை அலர்ஜி நடுவயதில் புதிதாக, இத்தனை பெண்களுக்கு, இமை வீக்கத்தோடு ஏன் வருகிறது? தீனியில் இல்லாத பொதுப் பொருள் ஒன்று எல்லோரிடமும் இருந்தது. எல்லோருடைய குளியலறையிலும் அதே சோப்பு. 2011இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பின்னர் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பில் 2,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டது உறுதியானது. சோப்பை நிறுத்திய பிறகு பலருக்கு ஐஜிஇ அளவு மெல்ல மெல்ல இறங்கியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பல ஆண்டுகளாகக் குடல் சகித்துவந்த உணவுக்கு எதிராகத் தோலும் கண்ணும் மூக்கும் உடம்பைத் திருப்பிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

அமெரிக்காவின் சாட்சி இன்னும் விசித்திரமானது. செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து. வடக்கு கரோலினா, டென்னசி பகுதிகளில் முதல் ஊசியிலேயே ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான அலர்ஜி. பிற இடங்களில் அப்படியில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழு 2008இல் காரணத்தைச் சொன்னது. ஆடு, மாடு, பன்றி போன்ற பாலூட்டிகளில் உள்ள ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை அந்த மருந்திலும் ஒட்டியிருந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் அதற்கு எதிரான ஐஜிஇ முன்பே காத்திருந்தது. அது எப்படி வந்தது? உண்ணிக் கடியால். பிளாட்ஸ்-மில்ஸே ஒரு மலை நடைக்குப் போய்க் கணுக்கால் முழுக்க உண்ணிக்குஞ்சுகளிடம் கடி வாங்கி வந்தார். சில மாதங்கள் கழித்து லண்டனில் ஆட்டு இறைச்சி சாப்பிட்டுப் படுத்தவர், நள்ளிரவில் உடம்பெங்கும் தடிப்போடு எழுந்தார். உணவு அலர்ஜி என்றால் நிமிடங்களில் வரும் என்பது வழக்கம். இதுவோ மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்து வருகிறது. அதனால்தான் இத்தனை காலம் யாருக்கும் பிடிபடவில்லை. அமெரிக்காவில் சுமார் 4,50,000 பேர் வரை இதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2023இல் மதிப்பிட்டது.

சோப்பும் உண்ணியும் பாதி உண்மையைத்தான் காட்டின. வாய் வழியே முன்கூட்டிக் கொடுத்தால் அலர்ஜியைத் தடுக்க முடியுமா என்ற மறுபாதிக்குக் குழந்தைகளை வைத்தே விடை காண வேண்டும். துணிச்சலான காரியம் அது. கடலையே ஆகாது என்று நிபுணர்கள் சொல்லிவந்த காலத்தில், அலர்ஜி வரக்கூடிய குழந்தைகளுக்கே கடலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

லாக்கும் அவருடைய சகா ஜார்ஜ் டு டாய்ட்டும் லண்டனில் அதைச் செய்தார்கள். கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள, 4 முதல் 11 மாத வயதுடைய 640 குழந்தைகள். முதலில் தோலில் குத்திப் பார்த்தார்கள். கடலைச் சாற்றுக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தவர்களைச் சேர்க்கவில்லை. மற்றவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 5 வயதுவரை கடலையே கூடாது. மறு பிரிவுக்கு வாரம் குறைந்தது 6 கிராம் கடலைப் புரதம், மூன்று வேளையாகப் பிரித்து. பெரும்பாலோர் சாப்பிட்டது பம்பாதான். பிடிக்காத குழந்தைகளுக்கு வேர்க்கடலை வெண்ணெய். சொன்னபடி கேட்கிறார்களா என்று பெற்றோரை மட்டும் விசாரித்து விட்டுவிடவில்லை. குழந்தையின் படுக்கையிலிருந்து தூசி எடுத்து அதில் கடலைப் புரதத்தை அளந்தார்கள். ஐந்து ஆண்டுகள் பொறுமையாக இப்படி நடந்தது.

2015 பிப்ரவரியில் முடிவு வெளியானது. கடலையைத் தவிர்த்த குழந்தைகளில் 17.2 சதவீதம் பேருக்கு அலர்ஜி வந்திருந்தது. சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான். தொடக்கத்திலேயே தோல் சோதனையில் லேசாகத் தடித்தவர்களிடமும் பலன் தெரிந்தது: 35.3 சதவீதத்துக்கு எதிராக 10.6. அந்தக் குழந்தைகள் வளர்ந்து பதின்பருவத்தை எட்டிய பிறகு மீண்டும் சோதித்து, 2024இல் வெளியிட்டார்கள். இடையில் அவரவர் இஷ்டப்படி சாப்பிட்டும் விட்டும் இருந்தபோதும் அலர்ஜி 71 சதவீதம் குறைவாகவே இருந்தது. 2017இல் அமெரிக்காவின் அதிகாரபூர்வ வழிகாட்டி தலைகீழாக மாறியது. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள குழந்தைக்கு 4 முதல் 6 மாதத்துக்குள், மருத்துவர் சோதித்த பிறகு, கடலையைக் கொடுக்கத் தொடங்கச் சொன்னது. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட கணக்கில், அதன் பிறகு 3 வயதுக்கு உட்பட்டோரிடம் புதிதாகக் கண்டறியப்படும் கடலை அலர்ஜி சுமார் 43 சதவீதம் குறைந்திருக்கிறது.

நல்ல எண்ணத்தோடு சொன்ன அறிவுரை எத்தனை குழந்தைகளைப் பாதித்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. குலுக்கிப் பிரித்துச் சோதித்துப் பார்க்காமல், நியாயமாகத் தோன்றுகிறது என்பதற்காக மட்டும் ஒரு மருத்துவ அறிவுரையை ஊருக்கெல்லாம் சொல்லக் கூடாது என்பதற்கு இந்தக் கடலை விவகாரம் போதும்.

சரி, தோலை முதலிலேயே பாதுகாத்துவிட்டால்? பிறந்த நாளிலிருந்து ஈரப்பசைக் களிம்பு தடவி வந்தால் கரப்பானே வராதல்லவா? இதுவும் நியாயமாகத்தான் தோன்றியது. பிரிட்டனில் 1,394 பச்சிளங்குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஓராண்டு தினமும் களிம்பு தடவியவர்களில் 2 வயதில் கரப்பான் இருந்தது 23 சதவீதம் பேருக்கு. தடவாதவர்களில் 25 சதவீதம். பலனில்லை என்றே பொருள். போதாக்குறைக்குக் களிம்பு தடவிய குழந்தைகளுக்குத் தோல் தொற்று சற்றுக் கூடுதலாகவே வந்தது. 2020இல் வெளியான இந்த முடிவு ஆய்வாளர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

ஜப்பானியர் வேறு வழியில் முயன்றார்கள். கரப்பான் வந்துவிட்ட 650 குழந்தைகளை, பிறந்து 7 முதல் 13 வாரத்துக்குள் பிடித்து, பாதிப்பேருக்குத் தோல் சற்றும் சிவக்காதபடி ஸ்டீராய்டு களிம்பால் தீவிரமாகச் சிகிச்சை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. முட்டை அலர்ஜி 41.9 சதவீதத்திலிருந்து 31.4 சதவீதமாகக் குறைந்தது. தோலை ஆற்றினால் உணவு அலர்ஜி குறையும் என்பது மெய்ப்பட்டது. ஆனால் தீவிரச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் எடையிலும் உயரத்திலும் சற்றே பின்தங்கினார்கள். அதனால் இதை அப்படியே எல்லோருக்கும் பரிந்துரைக்க முடியாது என்று ஆய்வு செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஸ்டீராய்டு இல்லாமல் அழற்சியை அடக்கும் டுபிலுமாப் என்ற ஊசிமருந்து இப்போது 6 மாதக் குழந்தைக்கும் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. விலைதான் சாமானியருக்கு எட்டாதது.

ஸ்டீராய்டு களிம்பு கெட்டது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்குத் தடவினால் கரப்பானுக்கு இன்றும் அதுதான் முதல் மருந்து. ஆபத்து நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் கலப்புக் கிரீமில் இருக்கிறது. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்பதை எல்லா அரிப்புக்கும் தடவுகிறோம். அரிப்பு உடனே அடங்கும். உள்ளே படர்தாமரை பரவிக்கொண்டே போகும், தோலும் மெலியும்.

இந்தியாவில் உணவு அலர்ஜி இன்னும் அரிது. பெங்களூரு, மைசூரு பகுதியில் நடந்த பன்னாட்டு ஆய்வில் பள்ளிக் குழந்தைகளில் 0.14 சதவீதம் பேருக்குத்தான் அது இருப்பதாகத் தெரிந்தது. அதே ஆய்வில் ஹாங்காங்கில் 1.5 சதவீதம். ஆனால் இங்கும் கொண்டைக்கடலைக்கு ஒவ்வாமை உள்ளவர்களை மும்பை மருத்துவர்கள் 1990களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்குக் கடலை மாவும் பயத்தம் மாவும் தேய்த்துக் குளிப்பாட்டும் நம் வீடுகளுக்கும் தோல் வழியே வரும் பகை என்ற இந்தப் பாடம் பொருந்தும். தோல் நன்றாக இருக்கும் குழந்தைக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்வதைக் குறை சொல்ல இந்த ஆய்வுகளில் எதுவும் இல்லை. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் வெடித்து நீர் கசியும் குழந்தைக்குப் பருப்பு மாவைத் தேய்ப்பதை மட்டும், தோல் ஆறும்வரை நிறுத்திவைப்பது நல்லது. அழுத்தித் தேய்க்கும்போது புண் இன்னும் கிழியும் என்பதே அதற்குப் போதுமான காரணம். ஜப்பானிய சோப்பு அதற்கு மேல் இன்னொரு காரணத்தைத் தருகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஐந்து மாதக் குழந்தையின் வாயில் கடலையைத் திணித்துவிடக் கூடாது. முழுக் கடலை மூச்சுக்குழலில் சிக்கும். 5 வயதுவரை அது கூடவே கூடாது. கொடுப்பதானால் மைய அரைத்து, கூழிலோ கஞ்சியிலோ நீர்க்கக் கரைத்து, விரல்நுனி அளவில் தொடங்க வேண்டும். கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கும், முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கும் முதல் வாய் கடலை வீட்டில் வேண்டாம். தோல் சோதனை செய்து, அட்ரினலின் கைவசம் உள்ள மருத்துவரின் முன்னிலையில் கொடுக்க வேண்டும்.